வேலுச்சாமி அண்ணாச்சியின் துப்பாக்கியில் வேறு போல்ட்

எங்கள் தெருவில் குடியிருக்கும் பெண் காவலர் ஒருவர் ஸ்டேஷனில் ஆயுத அறைப் பொறுப்பில் இருக்கிறார். வாரிசுகள் ஒப்படைத்துவிட்டுப் போன பழைய துப்பாக்கிகள் அங்கே சேர்ந்து கிடக்கின்றனவாம். ஒவ்வொன்றிலும் எந்த உறுப்பு பிறவியிலேயே அதனுடையது, எது பின்னால் வந்து ஒட்டியது என்று எழுதச் சொல்லி மேலிடத்தில் கேட்டிருக்கிறார்களாம். "நீங்க ஒரு நாள் வந்து எங்க ஆளுகளுக்கு அரை மணி நேரம் பேசுங்களேன்" என்றார். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவிலில் துப்பாக்கி விற்கவும் பழுது பார்க்கவும் லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் எழுபதுகளின் நடுவிலிருந்து நான் வேலை பார்த்தேன். முதலாளி காதர் பாய், கடையநல்லூர்க்காரர். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே போவதற்கு முன் நான் தறிக்கூடத்தில் தார் சுற்றினேன். தறியில் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றும் வேலை அது. காதர் பாய் கடையில் எண்ணெய் போட்டுத் துடைக்க ஆள் வைத்தால், வந்தவன் டீக்கடையில் உட்கார்ந்து யார் வீட்டில் என்ன துப்பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறான். அதனால் வாய் பேசாத ஆளாகத் தேடியிருக்கிறார். தறிக்கூடத்துக்காரர் என்னைக் கைகாட்டிவிட்டார்.

முதல் நாள் அவர் கேட்டது ஒன்றுதான். "இங்கிலீசு எழுத்து தெரியுமா தாயி?"

"நம்பரு தெரியும் மொதலாளி. எழுத்து தெரியாது."

"எழுத்தப் படமா நெனச்சுக்கோ."

அவ்வளவுதான் பாடம். இரண்டு வருடம் கழுவினேன், துடைத்தேன், பார்த்தேன். பிறகு அவர் என்னிடம் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து, "இதுல எது எதெல்லாம் சொந்தம்?" என்று கேட்க ஆரம்பித்தார்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வேட்டைத் துப்பாக்கிகள்தான். அவற்றோடு பட்டாளம் கழித்துப் போட்டவையும் சில இருந்தன. குழலுக்குள் இருக்கும் முறுக்கு வரியைக் கடைந்து எடுத்து வழுவழுப்பாக்கி, சாதாரண ஆட்களுக்கு விற்ற பழைய துப்பாக்கிகள் அவை. வெளியே பார்த்தால் கம்பீரமாக இருக்கும். உள்ளே எத்தனை துப்பாக்கிகளின் உறுப்புகள் சேர்ந்திருக்கின்றன என்பது கழற்றினால்தான் தெரியும்.

அவற்றைப் பார்க்கிற முறையை எழுதுகிறேன். கழற்றுவதற்கு முன்னால் எழுத வேண்டும். உடம்பில், கை பிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு நம்பர் இருக்கும். குழல் உடம்போடு சேருகிற இடத்தில் அதே நம்பர். குறி பார்க்கும் தகட்டுக்கு அடியில், குழலின் வாய்ப்பக்கத்து இரும்புத் தொப்பியில், முன் கட்டையைக் கழற்றினால் அதன் உள்புறத்தில். கடைசியாக போல்ட். தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னால் அடைத்து நிற்கிற இரும்பு உருளை அது. அதன் கைப்பிடி அடியில் நம்பர் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே நம்பர் இருந்தால் ஒரே மேசையில் பிறந்த துப்பாக்கி.

நம்பர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பழைய அடி, ஓரம் மழுங்கி நகத்துக்கு இதமாக இருக்கும். பிறகு எவனோ அடித்த நம்பர் நகத்தைக் கீறும். அடுத்தது தேய்மானம். போல்ட் முன்னும் பின்னும் போய்வருகிற தடத்தில் ஒரு பளபளப்புக் கோடு விழுந்திருக்கும். போல்ட்டிலும் அதற்கு நேராகக் கோடு இருக்க வேண்டும். "ரெண்டும் ஒரே எடத்துல தேஞ்சிருக்கணும் தாயி. ஒண்ணு தேஞ்சு ஒண்ணு தேயலைன்னா அது வேற வீட்டுது" என்பார்.

நான் சொன்னது சரியா தப்பா என்று அவர் சொன்னதே கிடையாது. தப்பென்றால் நம்பர் பார்க்கிற லென்ஸை மேசைமேல் என் பக்கமாக நகர்த்துவார். மறுபடி பார்க்க வேண்டும். சரியென்றால் லென்ஸைத் தோல் உறையில் போட்டு மூடிவிடுவார். கோபம் வந்தாலும் குரல் உயராது. ஆனால் "பாத்தா ஒண்ணு போலத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் மட்டும் முகம் சுண்டிப்போகும்.

இனி, நான் செய்த தப்பைச் சொல்லுகிறேன்.

தேர்தல் அறிவித்துவிட்டால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதை ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். குருவிகுளம், மேலநீலிதநல்லூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் பாதிப் பேர் எங்களிடம்தான் கொண்டுவருவார்கள். "ஸ்டேஷன்ல வச்சா துரு ஏறிரும். பாய் கடையில வச்சா குளிப்பாட்டிக் குடுப்பாவ" என்பார்கள். வந்த துப்பாக்கிகளைச் சங்கிலியில் கோத்துக் கடைக்குள் நிறுத்துவோம். போல்ட் உள்ளவற்றில் போல்ட்டை மட்டும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் பூசி, இரும்புப் பெட்டியில் வைத்து முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோவார். திருடன் வந்தாலும் அவனுக்கு வெறும் இரும்புக் கம்பிதான் கிடைக்கும்.

எந்த போல்ட் எந்தத் துப்பாக்கியுடையது என்பதற்கு நம்பர் இருக்கிறது. ஆனால் சொன்னேனே, சில துப்பாக்கிகளில் போல்ட் நம்பரும் உடம்பு நம்பரும் வேறு வேறு. பட்டாளத்திலேயே மாற்றிப் போட்டு, பொருந்துகிற மாதிரி அரத்தால் ராவிக் கொடுத்தது. அதற்குக் காகிதச் சீட்டுக் கட்டினால் எண்ணெயில் ஊறி எழுத்து அழிந்துவிடும். நான் தறிக்கூடத்தில் மிஞ்சிய கலர் நூல்களை வாங்கி வந்தேன். துப்பாக்கியின் விசை வளையத்தில் ஒரு கலர் நூல், அதன் போல்ட்டில் அதே கலர் நூல். காதர் பாய் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. "நூலு சரி. நம்பரும் பாரு" என்றார். இரண்டு தேர்தல் நூலிலேயே ஓடியது. ஒன்றும் மாறவில்லை. நம்பர் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன்.

மூன்றாவது தடவை, திருப்பிக் கொடுக்கிற நாளில், கடை வாசலில் ஒரே கூட்டம். எல்லாருக்கும் பஸ் பிடிக்கிற அவசரம். போல்ட்களைப் பெட்டியிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தேன். அன்று ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறேழு மாதம் கழித்து, கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த சமயம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்குப் புதிதாக மாறுதலாகி வந்த சப்-இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். கையில் ஒரு பட்டாளத் துப்பாக்கி. பின்னால் வேலுச்சாமி அண்ணாச்சி. ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர். பட்டாளத்தில் இருந்து வந்தவர். துப்பாக்கி அவருடைய சொந்தத் துப்பாக்கி. லைசென்ஸ் புதுப்பிக்கச் செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனில் காட்டியிருக்கிறார். சப்-இன்ஸ்பெக்டர் நுணுக்கமான ஆள். உடம்பு நம்பரோடு நிறுத்தாமல் போல்ட் நம்பரையும் படித்திருக்கிறார். துப்பாக்கியை அங்கேயே வாங்கி வைத்துவிட்டார்.

"லைசென்ஸ் புக்ல ஒரு நம்பர். துப்பாக்கில ரெண்டு நம்பர். போல்ட் பட்டாளத்துப் போல்ட். இந்த ஆளும் பட்டாளத்து ஆள். நான் என்ன நினைக்கிறது பாய்?" என்றார்.

"சார், நான் பட்டாளத்துல கரண்டி பிடிச்சவன்" என்றார் அண்ணாச்சி. "சேந்த நாள்ல இருந்து வந்த நாள் வரைக்கும் சமையக்கட்டுதான். போல்ட்ட எங்க போயி எடுப்பேன்? சட்டுவத்தக் களவாண்டேன்னு சொல்லுங்க, நம்பலாம்."

"சமையல்காரருக்கு பேங்க்ல காவல் வேலையா?"

"பட்டாளத்து ஆளும் வேணும், துப்பாக்கியும் வேணும்னு கேட்டாவ. ரெண்டும் இருந்துச்சு. அங்கன என்ன வேலை பாத்தன்னு யாரும் கேக்கல சார்."

சப்-இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "எது இந்தத் துப்பாக்கியோடது, எது வெளியே இருந்து வந்ததுன்னு எழுதிக் குடுங்க. போல்ட் எங்க இருந்து வந்ததுன்னு தெரியலைன்னா கேஸ் போட்டு பட்டாளத்துக்கும் எழுதணும். வேற வழியில்ல" என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு துப்பாக்கியைக் கடையில் விட்டுப் போனார்.

அவர் போன பிறகு அண்ணாச்சி தாழ்ந்த குரலில் சொன்னார்: "திங்கக்கிழமைக்குள்ள துப்பாக்கியோட வரலைன்னா வேற ஆளப் போட்டுருவேன்னு மேனேஜரு சொல்லிட்டாரு பாய். என் ஸ்டூல உள்ள எடுத்து வச்சிட்டாவ. மக கல்யாணத்துக்கு ஆவணில நாள் குறிச்சிருக்கு. மாப்பிள்ள வீட்டுக்கு இன்னும் தெரியாது."

காதர் பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். "பாத்து எழுதி வை தாயி" என்று துப்பாக்கியை என் பக்கம் வைத்துவிட்டுப் போனார்.

நான் எழுதினேன். உடம்பு, குழல், குறித்தகடு, வாய்த்தொப்பி, முன் கட்டையின் உள்புறம், ஐந்திலும் ஒரே நம்பர். நகத்துக்கு ஐந்தும் இதம். முழுக்கச் சொந்த உறுப்புள்ள துப்பாக்கி. அப்படிப்பட்டது எங்கள் கைக்கு வருவதே அபூர்வம். போல்ட் மட்டும் அந்நியம். நம்பர் வேறு. தடத்தில் கோடு வலப்பக்கம், போல்ட்டில் கோடு இடப்பக்கம். கடையின் ஒப்படைப்புப் புத்தகத்தை எடுத்து அந்த போல்ட் நம்பரைத் தேடினேன். புத்தகத்தில் உடம்பு நம்பர்தான் எழுதுவோம். அதில் இந்த நம்பர் எங்கேயும் இல்லை. நம்பர் பொருந்தாத ஏதோ ஒரு துப்பாக்கியின் போல்ட்டாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வெளி ஆள் வேலை என்றுதான் நினைத்தேன்.

போல்ட்டின் தலையை மரை திருகிக் கழற்றினேன். தலையும் உடம்பும் சேருகிற இடுக்கில் கருப்பாக ஏதோ இருந்தது. அழுக்கு என்று ஊசியால் நெம்பினேன். நீளமாக வந்தது. நூல்.

தார் சுற்றிய கைக்கு நூல் தெரியாமல் போகாது. வேறு எந்தக் கடையிலும் போல்ட்டில் நூல் கட்டுவதில்லை. அந்த போல்ட் எங்கள் பெட்டியில் இருந்தது. அதில் நூலைக் கட்டியதும் அறுத்ததும் நான்.

கடையில் நான் ஒருத்திதான். நூல் அரை விரல் நீளம்கூட இல்லை. ஊதினால் தெருவுக்குப் போய்விடும். "போல்ட் வெளியிலிருந்து வந்தது" என்று எழுதினால் அது பொய்யும் ஆகாது. என் வேலை இருக்கும், கடையும் இருக்கும். ஆனால் அதை ஒரு வெள்ளைக் காகிதத்தில் வைத்து, பறக்காமல் இருக்க மேலே லென்ஸை வைத்தேன்.

முதலாளி வந்ததும், "இது நம்ம நூலு மொதலாளி" என்றேன்.

குனிந்து பார்த்தார். "நம்ம நூலா, ஒன் நூலா?"

"என் நூலு."

அவர் தண்ணீர் குடித்தார். செம்பைக் கவிழ்த்து வைத்தார். "என்ன கலரு?"

எண்ணெயில் ஊறிக் கருத்திருந்தது. ஒரு சாஸரில் பெட்ரோல் ஊற்றி அலசினேன். துணியில் ஒற்றி, வாசலில் வெயிலுக்குக் காட்டினேன். கத்திரிப்பூ நிறம். வேலுச்சாமி அண்ணாச்சி துப்பாக்கிக்கு நான் கட்டியது அரக்கு. கத்திரிப்பூ கட்டியது குருவிகுளம் அழகர்சாமியின் நம்பர் பொருந்தாத துப்பாக்கிக்கு. எண்ணெயில் ஊறினால் அரக்கும் கத்திரிப்பூவும் ஒரே கருப்பு. திருப்பிக் கொடுத்த நாளில் அந்தக் கருப்பை வைத்துத்தான் நான் ஜோடி சேர்த்திருக்கிறேன்.

முதலாளி லென்ஸை உறையில் போட்டு மூடினார்.

மறுநாள் காலை பஸ்ஸில் இருவரும் குருவிகுளம் போனோம். அழகர்சாமி கடலை போடுகிற சம்சாரி. பன்றி விரட்ட அவரும் ஒரு பட்டாளத் துப்பாக்கி வைத்திருந்தார். காதர் பாய் விஷயத்தைச் சொன்னதும் அவர் துப்பாக்கியைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். போல்ட்டை உருவி நம்பரைப் பார்த்தேன். அண்ணாச்சியின் துப்பாக்கியில் ஐந்து இடத்தில் பார்த்த அதே நம்பர்.

"வெடிச்சீரா?" என்று கேட்டார் முதலாளி.

"ஒரு தடவ வெடிச்சேன். புகையும் பொறியும் பின்னால வந்து கண்ணுல அடிச்சிட்டு. தோட்டா பழசு போலன்னு அதுக்கப்புறம் தொடல. ஏன் பாய்?"

பொருந்தாத போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். வெடிக்கும்போது தோட்டாவின் பின்பக்கம் கிழிந்து நெருப்பு பின்னால் வரும். இது எனக்கும் தெரியும். நான் அவருடைய கண்களைப் பார்த்தேன். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

"துப்பாக்கியும் புக்கும் எடுத்துட்டு நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாரும்" என்றார் முதலாளி.

"ஸ்டேஷனுக்கா? நான் எதுக்குவே வரணும்? மாத்துனது நீங்க. போல்ட்ட மாத்திக்கிட்டு நீங்களே போங்க."

"இங்கன வச்சு மாத்துனா நாம மூணு பேரும் கூட்டுக் களவாணின்னு ஆயிரும். நீரு வரலைன்னா ஒருத்தன் பொழப்பு போயிரும்."

"அவன் பொழப்புக்கு நான் போலீஸு வாசல்ல நிக்கணுமாக்கும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி சத்தம் கொடுத்தார். "புகை அடிச்ச அன்னைக்கே கொண்டு போயிக் காட்டுங்கன்னு சொன்னேன், கேட்டாவளா? போயிட்டு வாங்க. வீட்டுல இருந்து இங்கன என்ன வெட்டி முறிக்கப் போறீக?"

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு அழகர்சாமி வந்தார், அண்ணாச்சியும் வந்தார். ஸ்டேஷன் மேசையில் இரண்டு துப்பாக்கியையும் வைத்தோம். காதர் பாய் ஒரு பித்தளைத் துண்டு கொண்டுவந்திருந்தார். தோட்டா அறையின் இடைவெளி பார்க்கிற அளவுக் கட்டை. அதை உள்ளே வைத்து போல்ட்டை அடைத்தால், சரியான போல்ட் முழுசாக மூடக் கூடாது. மூடினால் இடைவெளி அதிகம். அழகர்சாமியின் துப்பாக்கியில் அண்ணாச்சியின் போல்ட் தடையில்லாமல் முழுசாக மூடிக்கொண்டது. போல்ட்களை இடம் மாற்றினார். மூடவில்லை. அண்ணாச்சியின் துப்பாக்கியிலும் மூடவில்லை. தேய்மானக் கோடுகளும் ஒன்றுக்கொன்று நேராக விழுந்தன. சப்-இன்ஸ்பெக்டர் தானே இரண்டு தடவை செய்து பார்த்தார். ஒப்படைப்புப் புத்தகத்தில் இரண்டு துப்பாக்கியும் ஒரே வாரத்தில் எங்கள் கடைக்கு வந்ததையும் பார்த்தார்.

"சரி. யார் மாத்தினது?"

"கடையில மாறிருச்சு சார்."

"கடையிலன்னா யாரு?"

"லைசென்ஸ்ல எம்பேருதான சார் இருக்கு. நாந்தான்."

நான் அவருக்குப் பின்னால், கதவோரம் நின்றிருந்தேன். ஒரு அடி முன்னால் வந்திருக்கலாம். வரவில்லை. அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லாரையும் ஒரு சுற்றுக் கும்பிட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை அவருடைய ஸ்டூல் வங்கி வாசலுக்கு வந்தது. ஆவணியில் மகள் கல்யாணமும் நடந்தது.

கடையை மூன்று மாதம் மூடச் சொல்லி மேலே இருந்து உத்தரவு வந்தது. அந்த மூன்று மாதமும் பழையபடி தார் சுற்றினேன். கடை திறந்ததும் முதலாளி ஆள் அனுப்பினார். போனால் மேசையில் தகர வில்லைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் அவரே நம்பர் அடித்துத் துளை போட்டிருந்தார். "இனிமே இதக் கட்டு" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

எடுத்ததெல்லாம் வேலுச்சாமி அண்ணாச்சிதான். பாய் கடையில் வேலை பார்க்கிற அம்மாதான் கண்டுபிடித்துத் தன் வேலையைக் காப்பாற்றியதாக ஊரெல்லாம் சொன்னார். ஒரு பை நிலக்கடலை கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வங்கி வாசலில் என்னைக் கண்டால் துப்பாக்கியோடு எழுந்து நிற்பார். அந்தத் தெரு வழியாகப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அடுத்த தேர்தல் வந்தது. துப்பாக்கி ஒப்படைக்க வரிசை நின்றது. அண்ணாச்சி முறை வந்ததும், "தங்கச்சி கையாலயே கழட்டட்டும். அப்பதான் எனக்குத் தைரியம்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அண்ணாச்சி, போன தடவ மாத்துனதே நாந்தான்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. "பாய்னுல்லா சொன்னாவ?"

"அவுக சொன்னாவ. மாத்துனது நான். நம்பரு பாக்காம நூலப் பாத்துக் குடுத்துட்டேன்."

கல்லாவில் இருந்த காதர் பாய் தலையைத் தூக்கவில்லை. அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு நாளு எனக்குச் சோறு எறங்கல. தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி."

"நான் குடுத்த கடலைய என்ன செஞ்சீய?"

"அவிச்சுத் தின்னுட்டோம்."

அவர் வாயைத் திறந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்கே தெரியாத மாதிரி இருந்தது. கடைசியில் பெஞ்சியைக் காலால் இழுத்து என் மேசை ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார். "சரி. கழுவுங்க. முடியுற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."

கழுவினேன். துடைத்தேன். எண்ணெய் பூசினேன். தகர வில்லையைக் கட்டினேன். பெட்டியில் வைக்கப் போனபோது போல்ட்டைக் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே பிடித்து, நம்பரை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் துப்பாக்கி உடம்பில் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன்.

வரிசையில் பின்னால் நின்றவர், "ஏ வேலுச்சாமி, பஸ்ஸு போயிரும்வே. இதென்ன பள்ளிக்கூடமா?" என்றார்.

அண்ணாச்சி திரும்பவில்லை. "இன்னொருக்கா வாசிக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டார்.

"வாசிங்க" என்றேன்.